யாழ்ப்பாணத்திற் கிறிஸ்தவம்: மாறியதும் மாறாததும்

கிறிஸ்தவ விசுவாசம் தனிமனிதனைப் புதுப்பிக்கின்றது. புதுப்பிக்கப்பெற்ற மனிதர் வாயிலாகச் சமூகத்தையும் பண்பாட்டையும் புதுப்பிக்கின்றது என்பது திருச்சபையின் நெடுங்காலக் கூற்று. யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரையில் இக்கூற்றுக்குச் சான்றாகப் பாடசாலைகளையும் அச்சுக்கூடங்களையும் வைத்தியசாலைகளையும் எடுத்துக்காட்டுவாருளர். அவையனைத்தும் மதமாற்றத்துக்கென விரிக்கப்பட்ட வலையே என்று ஒதுக்கிவிடுவாருமுளர். இவ்விரு சாராரும் செய்யும் தவறு ஒன்றே. இரு சாராரும் நிறுவனங்களை எண்ணுகின்றனரேயன்றி, அந்நிறுவனங்களின் வாயிலில் நிறுத்தப்பட்ட மனிதனை நோக்குவதில்லை.

முதலில், மாற்றம் என்ற சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658 இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினர். ஒல்லாந்தர் காலத்தில் அரசாங்க உத்தியோகம் பெறுவதற்கு ஞானஸ்நானம் தேவையாயிருந்தது. ஆகவே குடாநாட்டில் ஞானஸ்நானம் பெற்றோர் பல்கினர். ஆனால் 1795 இல் ஆங்கிலேயர் வந்து, அக்கட்டாயம் நீங்கியதும், அப்பெருந்தொகையினர் தம் முன்னோரின் வழிபாட்டுக்கே வெளிப்படையாகத் திரும்பினர். பெயர் மாற்றம் மனமாற்றமாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அமெரிக்க மிஷனரிமாரின் வருகை இதனின்றும் வேறுபட்டது. 1816 இல் வந்த அவர்களுடைய கையில் அரசதிகாரம் இருக்கவில்லை. 1823 இல் வட்டுக்கோட்டையிற் செமினரியையும், 1824 இல் உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையையும் அவர்கள் நிறுவினர். 1841 இல் 'உதயதாரகை' வெளிவரத் தொடங்கிற்று. பெண் பிள்ளை எழுத்தறிதல் தேவையற்றதென எண்ணிய ஒரு சமூகத்திற் பெண்கல்விக்கெனத் தனிப் பாடசாலை எழுந்தமை சிறிய செய்தியன்று. இதனை வலை என்னும் ஒரு சொல்லால் மறைத்துவிடுதல் வரலாற்றுக்குச் செய்யும் அநீதியாகும்.

ஆயினும் அக்கல்வியின் விளைவு, அதனை விதைத்தோர் எண்ணியவாறு அமையவில்லை. வட்டுக்கோட்டைச் செமினரி 1855 இல் மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி பெற்றோரிற் பலர் போதகராகாமல் அரசாங்க உத்தியோகத்தை நாடினர் என்பதே மிஷன் தலைமையின் கவலையாயிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக 1857 இல் தேறிய கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அச்செமினரியிற் பயின்றவர்களே. இருவரும் பின்னர் சைவத்துக்கு மீண்டனர். வீரசோழியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றித் தமிழுலகுக்கு அளித்த தாமோதரம்பிள்ளையின் பதிப்புப்பணியைக் கிறிஸ்தவ விசுவாசத்தின் கனியெனக் கொள்ளல் பொருந்துமா? கிறிஸ்தவக் கல்விக்கூடம் கருவியை வழங்கியது. அக்கருவி எப்பணிக்குப் பயன்படும் என்பதை அதனாற் கட்டுப்படுத்த முடியவில்லை. இதுவே உண்மை.

ஆறுமுக நாவலரின் வாழ்க்கையும் இதனையே வலியுறுத்தும். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பாடசாலையிற் பயின்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் அவர். 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபோது, பாடசாலை, அச்சியந்திரம், பிரசங்கம், தெளிந்த உரைநடை என்னும் மிஷனரிமாரின் கருவிகளையே அவர் சைவத்தின் காவலுக்குப் பயன்படுத்தினார். கிறிஸ்தவம் யாழ்ப்பாணப் பண்பாட்டிலே தோற்றுவித்த மிகப் பெரிய மாற்றம், அதனை எதிர்த்தவர் மூலமே நிகழ்ந்தது எனின் மிகையாகாது.

நிறுவனங்களிலும் மனிதரே பெரியர் என்பதற்கு மானிப்பாயில் வைத்தியப் பணி புரிந்த சாமுவேல் பிஸ்க் கிறீனைச் சான்றாகக் கூறலாம். 1847 இல் வந்த அவர் தமிழைக் கற்று, மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலே போதித்தார். 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. ஆங்கிலங் கற்ற மருத்துவன் உத்தியோகந் தேடிக் கிராமத்தைவிட்டுப் போய்விடுவான்; தமிழிற் கற்றவன் தன் மக்களிடையே தங்குவான் என அவர் கண்டார். விசுவாசம் ஒரு மனிதனை மாற்றும் என்பது மெய்யாயின், அது இவ்வாறுதான் வெளிப்படும்: தன் மொழியைப் பிறர்மேற் சுமத்தாமற் பிறர் மொழியைத் தன் தோளிற் சுமக்கும்.

இனி, மாறாதது யாது? சாதி. செமினரியின் தொடக்க நாட்களில், உயர்சாதி மாணவர் கிறிஸ்தவரின் கூரையின்கீழ் உணவுண்ண மறுத்தனர். அண்டையிலிருந்த இந்து ஒருவரின் காணியிற் சமையற்கூடம் அமைக்கப்பட்டது. தொடங்கும்போது இத்தகைய விட்டுக்கொடுப்பு தவிர்க்கவியலாததாயிருந்திருக்கலாம். ஆனால் ஒரு தலைமுறைக்குரிய சமாதானம் ஒரு நூற்றாண்டின் வழக்கமாகியது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைத் தரையில் இருத்தும் வழக்கத்துக்குக் கிறிஸ்தவப் பாடசாலைகளும் முற்றிலும் விலக்காயிருக்கவில்லை. உதவி பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் அளிக்கப்பட வேண்டுமென 1930 ஆம் ஆண்டையொட்டி அரசாங்கம் பணித்தபோதுதான் பலரும் அசைந்தனர். அப்போதும் பாடசாலைகள் சில தீக்கிரையாயின. தேவனுடைய கட்டளையால் நிகழாதது கல்வித் திணைக்களத்தின் கட்டளையால் நிகழவேண்டியதாயிற்று.

சாதி கிறிஸ்தவத்தின் படைப்பன்று, அது சூழ்ந்திருந்த சமூகத்தின் நோய் எனச் சிலர் விடையிறுப்பர். மெய்யே. நாவலரும் சாதியாசாரத்தைக் கைவிட்டாரல்லர். ஆனால் சமூகத்தை மாற்றுவதாகக் கூறிக்கொண்டு வந்த ஒன்று, சமூகம் தன்னை மாற்றிவிட்டதெனப் பின்னர் முறையிடுதல் விடையாகாது. பாவத்தின் பிடியிலிருந்து மனிதனை விடுவிப்பதாகக் கூறும் சமயம், தன் வாங்கில் அவன் எவ்விடத்தில் அமர்வது என்பதைத் தீர்மானிக்க ஊராரின் அனுமதியை நாடியது ஏன்? நற்கருணைப் பந்தியிற் சமமென்றும் கலியாணப் பந்தியிற் சமமன்றென்றும் கொள்ளப்படுமாயின், எப்பந்தி மெய்யானது?

இக்கேள்வியைக் கேட்ட கிறிஸ்தவர் இல்லாமலில்லை. 1924 இல் தோன்றிப் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கத்திலே ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் இந்து இளைஞருடன் தோளிணைந்து தீண்டாமைக்கு எதிராகக் குரலெழுப்பினர். ஆனால் 1966 இற் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டபோதும், 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலிற் போராட்டம் நிகழ்ந்தபோதும், முன்னணியில் நின்றோர் ஒடுக்கப்பட்ட மக்களும் அவர்களோடு நின்ற இடதுசாரிகளுமேயன்றி, நிறுவனம் என்ற வகையிற் சபைகள் அல்ல. 1972 இல் வெளிவந்த 'பஞ்சமர்' நாவலைப் படைத்த கே. டானியல் கிறிஸ்தவப் பெயரைத் தாங்கியவர். அவர் தம் மக்களின் விடுதலையைப் பீடத்திடம் எதிர்பாராது போராட்டத்திடம் எதிர்பார்த்தமை திருச்சபை சிந்திக்கவேண்டிய செய்தியாகும்.

எனவே யாழ்ப்பாணத்து அனுபவம் உணர்த்துவது இது. கிறிஸ்தவம் பண்பாட்டின் கருவிகளை மாற்றியது. தனிமனிதர் சிலரை முற்றாக மாற்றியது. சமூகத்தின் அடித்தளத்தை அது தொடத் தயங்கியது. அச்சியந்திரத்தையும் ஆங்கிலத்தையும் உயர்ந்தோர் விரைந்து ஏற்றனர். அவை அவர்களுடைய நிலையை உயர்த்தின. சமத்துவத்தை ஏற்கவில்லை, அது அவர்களிடம் விலை கேட்டது. விலை கேட்காத விசுவாசம் எவரையும் மாற்றுவதில்லை.

நூற்றாண்டு விழாக்களில் நிறுவனங்களின் பட்டியல் வாசிக்கப்படும்போது, அப்பட்டியலின் அருகே இன்னொரு கேள்வியும் வாசிக்கப்படவேண்டும்: அந்நிறுவனங்களிற் கடைசியாக அனுமதிக்கப்பட்டவன் யார்? கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இதே கேள்வி பொருந்தும். ஆயினும், கடையனே முதல்வனாவான் என்று போதிக்கும் சமயத்திடமே அது முதலிற் கேட்கப்படுதல் நியாயம்.