நீல நரி ஏன் ஊளையிடக் கூடாது?

‘பிள்ளைக்கு என்ன புத்தகம் வாங்கலாம் தோழர்?’ வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும்போதுகூட இந்தக் கேள்வி வருகிறது. கவிதை எழுதுகிறவன் என்பதால் கேட்கிறார்கள். குடும்பத்திலேயே முதல்முதலாக மாதச் சம்பளம் வாங்குகிற நம்ம ஆட்கள். நல்ல கேள்வி. அதற்கு ஊரில் கிடைக்கிற பதில்கள்தான் சரியில்லை.

‘பஞ்சதந்திரம், பாரதம் வாங்கிக் குடுங்க, காலங்காலமா உள்ளது’ என்பார்கள் ஒரு பக்கம். ‘அதெல்லாம் பார்ப்பனக் குப்பை, தூக்கிப் போடு’ என்பார்கள் நம்ம தோழர்கள். அத்தோடு விடுவதில்லை, சுவரொட்டி வாசகத்தையே கதை என்று அச்சடித்துக் கையில் திணிக்கிறார்கள். ஆறு வயசுப் பிள்ளை ரெண்டாம் பக்கத்திலேயே தூங்கிடுது. தூங்குகிற பிள்ளை மேல் என்ன தப்பு?

அண்ணல் வீட்டில் என்ன நடந்தது என்று பார்ப்போம். ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலுக்காக 1956இல் எழுதிய முன்னுரையில் அவரே சொல்கிறார். அப்பா ராம்ஜி, ராணுவப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பிள்ளைகளை பாரதமும் ராமாயணமும் படிக்க வைத்தார். ‘நம்மை இழிவுபடுத்துகிற இதை ஏன் படிக்கச் சொல்கிறீர்கள்?’ என்று பிள்ளை கேட்டது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தாழ்வு மனப்பான்மை வந்துவிடக் கூடாது, சிறிய நிலையிலிருந்து உயர்ந்த துரோணரையும் கர்ணனையும் பாருங்கள் என்பது அப்பாவின் பதில். பிள்ளைக்கு அது போதவில்லை. பீஷ்மரையும் துரோணரையும் கிருஷ்ணனையும் பிடிக்கவில்லை, ராமனையும் பிடிக்கவில்லை என்று அப்பாவிடமே சொன்னது. அப்பா பேசாமல் இருந்தார். குடும்ப நண்பர் கேலுஸ்கர் மராத்தியில் தான் எழுதிய புத்தர் வரலாற்றை அந்தப் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுத்தார். அது எங்கே கொண்டு போய்ச் சேர்த்தது என்பது நமக்குத் தெரியும்.

இதில் மூன்று விஷயம் இருக்கிறது. பெரியவர் கூட உட்கார்ந்தார். பிள்ளை எதிர்த்துக் கேட்டது. அடுத்த புத்தகம் வந்தது. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் வாசிப்பு. பழையது என்பதற்காகத் தலையில் வைத்துக் கும்பிடுவதும் வாசிப்பில்லை, பழையது என்பதற்காகக் கொளுத்துவதும் வாசிப்பில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது? நான் வைத்திருக்கிற கேள்வி ஒன்றுதான்: இந்தக் கதையில் பிறப்பு என்ன வேலை செய்கிறது?

பஞ்சதந்திரத்தின் நீல நரியை எடுத்துக்கொள்ளுங்கள். நாய்களுக்குப் பயந்து ஓடி, சாயத் தொட்டியில் விழுந்து, நீலமாக எழுந்து காட்டுக்கே ராஜாவாகிறது. ஒருநாள் மற்ற நரிகள் ஊளையிட, தன்னை மறந்து தானும் ஊளையிடுகிறது. குட்டு உடைகிறது, கொல்லப்படுகிறது. சிங்கத்தோடு வளர்ந்த நரிக்குட்டி கதையிலும் பிறப்புதான் கடைசியில் வெளியே துரத்துகிறது. முனிவர் எலியைப் பெண்ணாக்கி வளர்க்கிறார். அவள் சூரியனையும் மேகத்தையும் காற்றையும் மலையையும் வேண்டாமென்று எலியைத்தான் கட்டிக்கொள்கிறாள். மூன்றுக்கும் ஒரே நீதி: பிறந்த இடத்தை மீறாதே. ராஜகுமாரர்களுக்குச் சொன்ன கதையாம். சேரிப் பிள்ளை கேட்டால் யாரோடு தன்னைச் சேர்த்துக்கொள்ளும்? சிங்கத்தோடா, நரியோடா? கதை மட்டமாக இருந்தால் கவலையில்லை. அழகாக இருக்கிறது, ஒருதரம் கேட்டால் மறக்காது. ஆபத்தே அங்கேதான்.

டென்மார்க்கின் ஆண்டர்சன் 1805இல் பிறந்தவர். அப்பா செருப்புத் தைத்தவர், அம்மா துணி வெளுத்தவர். அங்கே அந்த வேலைக்கு வறுமை உண்டு, தீண்டாமை கிடையாது; ரெண்டையும் ஒன்றாக்க வேண்டாம். ஆனால் அந்தச் செருப்புத் தொழிலாளி மகனுக்கு அராபிய இரவுக் கதைகளைப் படித்துக் காட்டினார். அந்த மகன் 1837இல் ராஜாவின் புதிய உடை பற்றி எழுதினார். ராஜா அம்மணமாகப் போகிறார் என்று ஊரே வாய்மூடி நிற்கும்போது சொல்வது ஒரு குழந்தை. நம்ம பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எது? அதே ஆண்டர்சன் 1843இல் எழுதிய அசிங்க வாத்துக் குஞ்சு கதையில் பிறப்பு மறுபடி நுழைகிறது. அவமானப்பட்ட குஞ்சு கடைசியில் அன்னமாகப் பிறந்ததுதான் என்று தெரிந்த பிறகே மரியாதை. வாத்தாகவே இருந்திருந்தால்? இதைப் பிள்ளையிடம் கேளுங்கள். கதையை நிறுத்தி நிறுத்திப் பிரசங்கம் பண்ண வேண்டாம். முழுசாகப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். சின்ன வயசில் ராஜாவின் உடை மாதிரி, கேட்கிற வாயைத் திறந்துவிடுகிற கதைகள். எட்டு, ஒன்பது வயசில் அண்ணலின் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ நூலிலிருந்து அந்த மாட்டு வண்டிப் பயணம்: காசு இருந்தும் வண்டிக்காரன் கிடைக்காத, சோறு இருந்தும் தண்ணீர் கிடைக்காத பிள்ளைகள். அதில் ஒரு முழக்கம் இல்லை, எளிய வாக்கியங்கள்தான். நல்ல எழுத்து என்றால் அது. பிறகு நீல நரியைத் தாராளமாகக் கொடுங்கள். கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளையை அது ஒன்றும் செய்யாது.

வாங்கும் முன் ஒரு பக்கத்தைக் கடையிலேயே வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கினால் வைத்துவிட்டு வாருங்கள். நம்ம பக்கம் பேசுகிற புத்தகமாக இருந்தாலும் சரி. வீட்டில் படிக்கத் தெரிந்தவர் இல்லையென்றால் கல்லூரி போகிற அக்கா படிக்கட்டும், மாலைப் பள்ளியில் தோழர் படிக்கட்டும். நல்ல மொழியைத் தலைமுறை தலைமுறையாகச் சொத்துபோலக் கைமாற்றி வருகிறவர்கள் இருக்கிறார்கள். நம்ம பிள்ளைகளுக்கு மட்டும் மட்டமானது போதும் என்று நாமே முடிவு செய்ய நமக்கு என்ன உரிமை?

நரி ஏன் ஊளையிடக் கூடாது என்று பிள்ளை கேட்டால், ராம்ஜி மாதிரி பேசாமல் இருங்கள். அந்தக் கேள்வி வளரட்டும்.