மண்புழு மாத்திரை வார்ஃபரினுக்கு மாற்றா?

மண்புழுவில் இருந்து எடுக்கப்படும் லம்ப்ரோகைனேஸ் ரத்தக்கட்டைக் கரைக்கும், இயற்கையானது, பக்கவிளைவு கிடையாது, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் இனி வேண்டாம் என்று பலரும் நம்புகிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "ஆய்வில் நிரூபணமானது."

ஜப்பானின் மியாசாகி மருத்துவக் கல்லூரியில் மிஹாரா ஹிசாஷி குழுவினர் மண்புழுவில் இருந்து இந்த நொதிகளைப் பிரித்தெடுத்து 1991இல் ஆய்வறிக்கை வெளியிட்டது உண்மைதான். ஆய்வகச் சோதனையில், ரத்தக்கட்டின் வலைப்பின்னலான ஃபைப்ரினைத் தட்டில் படலமாகப் படியவைத்துச் சாற்றைச் சொட்டுவார்கள். சொட்டு விழுந்த இடம் கரைந்து தெளிந்த வட்டமாகும். ஆனால் தட்டில் இரைப்பை இல்லை, கல்லீரல் இல்லை, இத்தகைய நொதிகளை அடக்கும் ரத்தப் புரதங்களும் இல்லை. விழுங்கிய மாத்திரைக்கு இவை அத்தனையும் தடை. நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளில் பல, சிறியவை.

2. "இயற்கையானது, கெடுதல் செய்யாது."

வார்ஃபரினின் பூர்வீகமும் செடிதான். 1920களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த இனிப்புக் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. அதில் இருந்த டைகூமராலை விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க் குழு கண்டறிந்தது. அதன் வழிவந்த வார்ஃபரின் முதலில் எலிமருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது.

3. "வேண்டாத கட்டை மட்டும் கரைக்கும்."

இரைப்பைப் புண்ணை மூடியிருக்கும் கட்டும் அதே ஃபைப்ரின்தான். பக்கவாதத்துக்கு ரத்தநாளத்தில் ஏற்றும், கட்டைக் கரைக்கும் ஆல்டெப்ளேஸ் பற்றிய 1995ஆம் ஆண்டு ஆய்வில், பாதிப்பை உண்டாக்கிய மூளை ரத்தக்கசிவு மருந்து பெற்றவர்களில் 6.4 சதவீதம், பெறாதவர்களில் 0.6. ஊசியும் மாத்திரையும் ஒன்றல்ல என்பது சரி. ஆனால் கட்டைக் கரைக்கும் அளவுக்கு மாத்திரை வேலை செய்தால், ரத்தக்கசிவு அபாயமும் கூடவே வரும். அபாயமே இல்லை என்றால், அது வேலை செய்கிறதா என்பதே சந்தேகம்.

4. "வார்ஃபரினை நிறுத்திவிடலாம்."

வார்ஃபரின் கட்டு உருவாகாமல் தடுப்பது. உருவானதைக் கரைப்பது வேறு வேலை. இதயத்தில் உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு, வார்ஃபரினுக்குப் பதிலாக, வேறு நோய்களில் நன்கு சோதிக்கப்பட்ட, ரத்தக்கட்டைத் தடுக்கும் டாபிகாட்ரானைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தக்கட்டும் கசிவும் வார்ஃபரினைவிட அதிகமாகவே, சோதனை பாதியில் நின்றது. முடிவுகள் 2013இல் வெளியாயின. அத்தனை சோதனை கண்ட மருந்துக்கே அந்தக் கதி என்றால், மண்புழு மாத்திரையை நம்பி வார்ஃபரினை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது.

ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். பல் பிடுங்கப் போனாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.