எண்பதாயிரம் ரூபாயும் முப்பத்தைந்து ரூபாயும்

அமிர்தி என்றால் வேலூர்க்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வரும். மான், மயில், மழை பெய்திருந்தால் அருவி, கையில் புளிச்சோற்றுப் பொட்டலம். அந்தக் காட்டோரத்தில் குடியிருப்பவர்களுக்கு வாரம் திங்கட்கிழமை தொடங்குகிறது. ஜவ்வாது மலையடிவாரத்தில் ஆரம்பித்து வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை, உழைக்கும் வீடுகளின் வருமானம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சேர்கிறது. ஒருவர் டேனரிக்கோ ஷூ கம்பெனிக்கோ போவார். மாமியாரோ அம்மாவோ நூறு நாள் வேலைக்குப் போவார். இன்னொருவர் வாசல் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைப்பார். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. மேற்கொண்டு ரேஷன் அரிசி, தகுதி இருந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை. இப்படிப்பட்ட ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொண்டு, 2025இல் மத்திய அரசு அறிவித்த வரிச் சலுகைகளைக் கணக்குப் பார்க்கலாம்.

முதல் சலுகை பிப்ரவரி 1 பட்ஜெட்டில் வந்தது. புதிய முறையில் 12 லட்சம் வரை வருமான வரி கிடையாது. 12 லட்சம் சம்பாதிப்பவருக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் மிச்சம் என்று அரசே கணக்குச் சொன்னது. இதனால் அரசு விட்டுக்கொடுக்கும் வருவாய் சுமார் ஒரு லட்சம் கோடி ரூபாய். மாதச் சம்பளக்காரர்கள் மகிழ்ந்தார்கள். இந்த இதழைத் தயாரிப்பவர்களிலும் சிலர் மகிழ்ந்தோம், மறைப்பானேன்? ஆனால் ஷூ கம்பெனியில் மாதம் 12,000 வாங்கும் பெண்ணுக்கு ஆண்டு வருமானம் 1,44,000. வருமான வரி அவரைத் தொட்டதே இல்லை. தொடாத வரியை எந்த நிதியமைச்சராலும் குறைக்க முடியாது.

அதற்காக அவர் வரியே கட்டாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. செல்போனுக்கு ரீசார்ஜ் செய்யும்போதெல்லாம் 18 சதவீதம் கட்டுகிறார். சோப்பு, செருப்பு, மிக்ஸி என்று கடையில் ஒவ்வொரு முறை பணம் நீட்டும்போதும் கட்டினார், கட்டுகிறார். ரசீதில் பெயர் இல்லாததால் அவரை யாரும் ‘வரி செலுத்துவோர்’ என்று அழைப்பதில்லை, அவ்வளவுதான்.

அவருக்கான சலுகை செப்டம்பர் 22ஆம் தேதி வந்தது. ஜி.எஸ்.டி. அடுக்குகள் குறைந்தன. 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு 5 சதவீதம். வரிக்கு முந்தைய விலை 500 ரூபாய் என்றால், 560க்கு விற்ற செருப்பு 525க்குக் கிடைக்கவேண்டும். 35 ரூபாய் மிச்சம். கடைக்காரர் குறைத்தால்!

இதில் பலரும் மறந்துவிட்ட ஒரு சங்கதி உண்டு. ஆயிரம் ரூபாய் வரையிலான காலணிக்கு 2021 டிசம்பர் வரை 5 சதவீதம்தான் இருந்தது. 2022 ஜனவரி 1 அன்று அதை 12 ஆக்கியவர்கள்தான் இப்போது மீண்டும் 5 ஆக்கியிருக்கிறார்கள். தோல் பதனிடும் ஜாப் ஒர்க்குக்கும் அதே கதை: 2022 ஜூலையில் 5லிருந்து 12, 2025 செப்டம்பரில் 12லிருந்து 5. நம்மிடம் வாங்கிய கைமாற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதை மொய் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்வதுபோல இருக்கிறது.

இருந்தாலும் குறைத்தது நல்லதே. சொந்தமாகத் தோல் வாங்க முதல் இல்லாமல், பெரிய முதலாளியின் தோலை வாங்கிப் பதப்படுத்திக் கொடுக்கும் சிறு டேனரிகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். வரியை முன்னே கட்டிவிட்டு, பில் பணத்துக்காகக் காத்திருக்கும் அவர்களுக்கு ஏழு சதவீதம் சின்னத் தொகை அல்ல. சனிக்கிழமைக் கூலி தள்ளிப்போவதும் போகாததும் பல நேரம் அந்த ஏழில்தான் இருக்கிறது.

நம் கேள்வி அடுத்த படியில் இருக்கிறது. ஜி.எஸ்.டி.யில் பாதி மாநிலத்தின் பங்கு. செப்டம்பர் குறைப்பால் நிகர இழப்பு 48,000 கோடி ரூபாய் என்று மத்திய அரசு மதிப்பிட்டது. அதில் மாநிலங்களும் பங்குதாரர்கள். ஜி.எஸ்.டி. வந்தபோது மாநிலங்களுக்கு உறுதி சொல்லப்பட்ட இழப்பீட்டுக் காலம் 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. அதாவது வருமானம் குறைந்தால் குறைந்ததுதான்.

செப்டம்பர் குறைப்பின் சூட்டோடு சூடாக, 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நூறு நாள் வேலைச் சட்டத்தை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. நாட்கள் 125 ஆகின்றன. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் பழைய சட்டத்தில் உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய அரசு கொடுத்தது. புதியதில் தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் செலவில் 40 சதவீதத்தைச் சுமக்கவேண்டும். மத்திய அரசு ஒதுக்கியதற்கு மேல் போனால் அதையும் மாநிலமே பார்த்துக்கொள்ளவேண்டும். விவசாய வேலை மும்முரமாக இருக்கும் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் வழி இருக்கிறது. வரியைக் குறைத்து மாநிலத்தின் வரவைக் குறைத்த அதே ஆண்டில், மாநிலத்தின் செலவைக் கூட்டிய சட்டம் இது. மாநிலக் கஜானா தடுமாறினால், பாதிப்பு கடைசியில் மலையடிவாரத்தில் மண்வெட்டியோடு நிற்கும் பெண்ணைத்தான் வந்து சேரும்.

அந்தப் பெண்ணின் உழைப்பு என்ன செய்தது என்று பார்க்க அமிர்திப் பக்கத்தைவிட நல்ல இடம் இல்லை. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஓடும் நாகநதி பல ஆண்டுகள் வெறும் மணல் தடமாகக் கிடந்தது. கிணறுகள் வற்றின, ஆண்கள் வேலை தேடி வெளியூர் போனார்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் தடுப்பணை கட்டினார்கள், நீர் செறிவூட்டும் கிணறுகள் தோண்டினார்கள். நிலத்தடி நீர் ஏறியது. 2021 செப்டம்பரில் பிரதமரே தன் வானொலி உரையில் நாகநதிப் பெண்களைப் பாராட்டினார். பாராட்டிய வாயால் கூலியையும் சரியான நேரத்தில் கொடுத்திருக்கலாம். 2024 நவம்பர் தொடங்கிப் பல மாதங்கள் தமிழ்நாட்டில் நூறு நாள் கூலி வராமல் நின்றதை இந்தக் குடும்பங்கள் மறந்திருக்காது. அப்போது அடுப்பெரிந்தது குழுக் கடனிலும் வட்டிக் கடனிலும்தான். 2025-26க்குத் தமிழ்நாட்டின் தினக்கூலி 336 ரூபாய். ஒரே ஒரு நாள் கூலி, ஒன்பது ஜோடிச் செருப்பில் கிடைக்கும் வரிச் சலுகையைவிட அதிகம்.

அரசு செலவு என்றதும் ‘இலவசம்’ என்று முகம் சுளிப்பவர்கள் ஆம்பூர்ப் பக்கம் காலை ஏழு மணிக்கு வந்து நிற்கவேண்டும். கம்பெனி பஸ் பள்ளிக்கூட மணிக்காகக் காத்திருக்காது. பிள்ளைக்கு எதையாவது வேகவைத்துக் கொடுத்துவிட்டு ஓடவேண்டும், இல்லையென்றால் பட்டினியாக அனுப்பவேண்டும். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அந்தத் தாய்க்கு அரை மணி நேரத்தைத் திருப்பித் தந்தது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஆண்டுக்கு 12,000 ரூபாய்; நாம் மேலே சொன்ன பெண்ணுக்கு அது ஒரு மாதச் சம்பளம். முதலாளி கூட்டிக் கொடுக்காத பதின்மூன்றாவது மாதச் சம்பளம். இதையெல்லாம் ஓட்டுக்காகச் செய்தார்கள் என்றால், செய்துவிட்டுப் போகட்டும். வருமான வரிச் சலுகையை மட்டும் எந்தக் கட்சி ஓட்டை நினைக்காமல் செய்தது?

மேலே உள்ளவருக்கு வரியைக் குறைத்தால் கீழே கூலியாகக் கசியும் என்ற வாதத்தையும் சோதித்துப் பார்த்தாயிற்று. 2019 செப்டம்பரில் கம்பெனி வரி 30லிருந்து 22 சதவீதமானது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் விட்டுக்கொடுத்தார்கள். 2023-24இல் பெரிய கம்பெனிகளின் லாபம், நாட்டின் மொத்த உற்பத்தியோடு ஒப்பிட்டால், 15 ஆண்டுகளில் இல்லாத உயரத்துக்குப் போனது. அதே ஆண்டில் லாபம் 22.3 சதவீதம் கூடியபோது வேலைவாய்ப்பு 1.5 சதவீதம் கூடியது. எதிர்க்கட்சிக் குற்றச்சாட்டு என்று யாரும் தள்ளிவிட முடியாது. மத்திய அரசின் 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையில் இருக்கும் எண்கள் இவை.

அமெரிக்காவும் இதே பாதையில்தான். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான வரிச் சட்டத்தால் அடித்தட்டுப் பத்து சதவீதக் குடும்பங்கள் ஆண்டுக்குச் சுமார் 1,200 டாலர் இழக்கும், மேல்தட்டுப் பத்து சதவீதம் 13,600 டாலர் கூடுதலாகப் பெறும் என்று அந்த நாட்டு நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகமே கணக்கிட்டது. அடுத்த மாதம் அதே அரசு இந்தியப் பொருட்கள் மீது 50 சதவீத வரி போட்டபோது, ஆம்பூர், ராணிப்பேட்டைக்கு வரும் ஆர்டர்கள் ஆட்டம் கண்டன. வாஷிங்டனில் போட்ட வரிக்கு இங்கே ஓ.டி. வெட்டு!

வரிச் சலுகையே கூடாது என்பதல்ல நம் கட்சி. 2025 பட்ஜெட் தோல், காலணித் துறைக்கென்று ஒரு திட்டத்தை அறிவித்தது. 22 லட்சம் பேருக்கு வேலை கிடைக்க வழி செய்யும் என்றது. பாதி பதனிட்ட ‘வெட் புளூ’ தோல் இறக்குமதிக்கான அடிப்படைச் சுங்க வரியை முழுவதுமாக நீக்கியது. வரவேற்கலாம். ஆனால் அந்த வேலையை எண்ணும் முறை முக்கியம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய வேலைவாய்ப்பு ஊக்கத்தொகைத் திட்டத்தில் ஒரு நல்ல நிபந்தனை இருக்கிறது: தொழிலாளி பி.எஃப். கணக்கில் ஏறினால்தான் முதலாளிக்குப் பணம். தோல் துறைக்கான ஒவ்வொரு சலுகைக்கும் இதே பூட்டைப் போடவேண்டும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண் இல்லாத வேலை கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டால், பாதிப் பேச்சு அடங்கிவிடும்.

வாசலில் உட்கார்ந்து ஷூ தைக்கும் பெண்கள் அந்தப் பூட்டுக்கும் வெளியேதான் நிற்பார்கள். அவர்கள் எந்தக் கம்பெனியின் சம்பளப் பட்டியலிலும் இல்லை. தோலையும் நூலையும் கொண்டுவந்து கொடுக்கும் ஏஜென்ட்தான் அவர்களுக்குத் தெரிந்த முதலாளி. காலணி, தோல் பொருள், தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கென்று மாநிலத்தில் ஒரு நல வாரியம் இருக்கிறது. அதன் அலுவலர்கள் பதிவேட்டோடு பேரணாம்பட்டு, ஆம்பூர் தெருக்களுக்குப் போய் இந்தப் பெண்களின் பெயர்களை எழுதிக்கொண்டு வரட்டும். அடுத்த பட்ஜெட்டுக்கு முன்பே முடிக்கக்கூடிய வேலை இது. இதற்குப் புதிய சட்டமும் வேண்டாம், தில்லியின் ஒப்புதலும் வேண்டாம்.