குருவின் குணமும் கேள்வி கேட்கும் உரிமையும்

2017 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் லடாக்கின் லே நகரில் பேசிய தலாய் லாமா, தமது நெருங்கிய நண்பர் ஒருவரின் பெயரைச் சொல்லி, அவர் இழிவுக்கு உள்ளாகிவிட்டார் என்று பகிரங்கமாகக் கூறினார். அந்த நண்பர் சோக்யால் ரின்போச்சே. திபெத்தில் பிறந்தவர்; மேலை நாடுகளில் ‘ரிக்பா’ என்னும் பௌத்த அமைப்பை நிறுவியவர்; வாழ்வையும் சாவையும் பற்றி 1992இல் எழுதி வெளியிட்ட நூலால் உலகப் புகழ் பெற்றவர். லே உரைக்கு இரு வாரங்களுக்கு முன்னர் அவருடைய மூத்த மாணவர்கள் எட்டுப் பேர் கையெழுத்திட்ட கடிதம் வெளிவந்திருந்தது. அடி, உதை, பாலியல் சுரண்டல், காணிக்கைப் பணத்தில் நடந்த ஆடம்பர வாழ்வு ஆகியவற்றை அக்கடிதம் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தது.

ஆகஸ்டிலேயே அவர் பொறுப்பிலிருந்து விலகினார். ரிக்பா அமைப்பே நியமித்த லண்டன் சட்ட நிறுவனம் 2018இல் அளித்த அறிக்கை, மாணவர்களில் சிலர் கடுமையான உடல், பாலியல், மனக் கொடுமைகளுக்கு ஆளாக்கப்பட்டனர் என்று முடிவு கூறியது. மூத்த பொறுப்பாளர்கள் சிலர் அதை அறிந்திருந்தும் தடுக்கத் தவறினர் என்றும் பதிவு செய்தது. 2019இல் தாய்லாந்தில் சோக்யால் இறந்தார். எந்தக் குற்றவியல் நீதிமன்றத்திலும் அவர் தண்டிக்கப்படவில்லை.

இது ஒரு தனிமனிதரின் சறுக்கல், தம்மத்துக்கு இதில் பங்கில்லை என்பது பக்தர்கள் சொல்லும் சமாதானம். காலவரிசை இதைப் பொய்யாக்குகிறது. மேலைநாட்டுப் பௌத்த ஆசிரியர்கள் 1993இல் தரம்சாலாவில் தலாய் லாமாவைச் சந்தித்தபோதே ஆசிரியர்களின் ஒழுக்கக்கேடு விவாதிக்கப்பட்டது. 1994இல் சோக்யால் மீது கலிபோர்னியாவில் ஒரு பெண் தொடுத்த வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே முடித்துக்கொள்ளப்பட்டது. 2008இல் தெற்கு பிரான்சில் ரிக்பாவின் பெரிய கோயிலைத் தலாய் லாமாவே திறந்துவைத்தார். பிரெஞ்சு அதிபரின் மனைவியும் உடனிருந்தார். 2018இல் நெதர்லாந்தில் பாதிக்கப்பட்டவர்களைச் சந்தித்த பின்னர், இத்தகைய குற்றச்சாட்டுகள் தமக்குப் புதியவை அல்ல என்று அவர் ஒப்புக்கொண்டார். தெரிந்தும் கால் நூற்றாண்டு கழிந்ததற்குத் தனிமனிதச் சறுக்கல் என்று பெயரிட முடியாது. அதனைத் தாங்கி நின்றது ஓர் ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டின் அச்சாணி குருபக்தி. வஜ்ரயான மரபில் தீட்சை பெற்ற மாணவர் குருவைப் புத்தராகவே காண வேண்டும். ‘சமயா’ எனப்படும் அந்தப் பிணைப்பை மீறுவோருக்கு நரகம் காத்திருக்கிறது என்பது நம்பிக்கை. குருவின் வெறிச்செயலும் ஞானத்தின் வெளிப்பாடே என்று விளக்கப் ‘பித்த ஞானம்’ என்ற கருத்தும் உண்டு. அடி விழுந்தால் அது அருள். அழுதால் அது மாணவரின் அகந்தை. எட்டுப் பேரின் கடிதம் வெளிவந்த சில வாரங்களில் பூட்டானைச் சேர்ந்த சோங்சார் கியென்சே ரின்போச்சே நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். மாணவரை முறையாகத் தயார்செய்யாமல் தீட்சை அளித்திருந்தால் தவறு குருவுடையது என்று அதில் ஏற்றுக்கொண்டார். ஆனால் தெரிந்தே தீட்சை பெற்றவர் குருவிடம் குறை காணலாகாது என்றும் வாதிட்டார். அதாவது, புகார் சொல்லும் வாயை மாணவர் தம் கையாலேயே பூட்டிச் சாவியைக் குருவிடம் ஒப்படைக்க வேண்டும்.

சோக்யால் துறவி அல்லர். ஆகவே பிக்குகளைக் கட்டுப்படுத்தும் வினய விதிகள் அவரைத் தொடவில்லை. அவரைக் கேள்வி கேட்கும் அதிகாரம் பெற்ற சபை எதுவும் அமைப்புக்குள் இல்லை. கணக்கும் நிர்வாகமும் அவருடைய சீடர்களின் கையில் இருந்தன. பின்னாளில் பிரிட்டனின் அறக்கட்டளை ஆணையம் தலையிட்டு நடவடிக்கை எடுத்தது. மடத்துக்குள் கிடைக்காத நியாயத்தின் ஒரு சிறு பகுதி மதச்சார்பற்ற சட்டத்தின் வழியாகவே கிடைத்தது.

குருவைப் பன்னிரண்டு ஆண்டுகள் வரை சோதித்துப் பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள் என்பது மரபு சொல்லும் பரிகாரம். இது காவலைப் பறிகொடுப்பவரின் தலையில் கட்டும் பரிகாரம். அத்துடன், அதில் வர்க்கக் கேள்வி ஒன்றும் அடங்கியிருக்கிறது. கடிதம் எழுதிய எட்டுப் பேரும் கல்வியும் தொடர்புகளும் உடைய மேலைநாட்டுச் சமூகங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கே பல ஆண்டுகள் தேவைப்பட்டன. 2018 ஆகஸ்டில் புத்தகயாவில் ஒரு தியான மையத்தை நடத்திவந்த பிக்கு, அசாமிலிருந்து படிக்க வந்த சிறுவர்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார் என்ற புகாரில் கைதுசெய்யப்பட்டார். சோறும் கல்வியும் கிடைக்கும் என்று ஏழைப் பெற்றோர் அனுப்பிவைக்கும் ஒரு சிறுவன் எந்த குருவைப் பன்னிரண்டு ஆண்டுகள் சோதிப்பான்?

இந்துச் சாமியார்களின் ஆசிரமங்களில் இத்தகைய கொடுமை வெளிப்படும்போது முற்போக்காளர் குரல் உரத்து ஒலிக்கிறது. பௌத்தம் என்றவுடன் அது தாழ்ந்துவிடுகிறது. சாதியை மறுத்து 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பல லட்சம் மக்களுடன் அம்பேத்கர் தழுவிய சமயம் என்ற மதிப்பே அதற்குக் காரணம். மதிப்பு நியாயமானது, மௌனம் நியாயமற்றது. அம்பேத்கர் ஏற்ற புத்தர் வழிகாட்டி. முக்தி வழங்குபவர் அல்லர். ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் இந்த வேறுபாட்டை அவர் அழுத்தமாக நிறுவினார். குருவின் காலடியில் அறிவை அடகுவைப்பதை அந்தத் தம்மம் ஏற்காது.

பழைய சங்கத்தின் நடைமுறையும் இதற்குச் சான்று. மழைக்கால வாசம் முடியும் நாளில் ‘பவாரணை’ நிகழும். ஒவ்வொரு பிக்குவும், கண்டதோ கேட்டதோ ஐயுற்றதோ எதுவாயினும், தம் குறையைச் சுட்டிக்காட்டுமாறு சங்கத்தை வேண்டுவார். தம் உடலாலோ சொல்லாலோ நேர்ந்த குற்றம் ஏதும் உண்டா என்று புத்தரே பிக்குகளிடம் கேட்டதாகச் சம்யுத்த நிகாயம் கூறுகிறது. ததாகதரையே ஆராய்ந்து பார்க்கும் முறையை மஜ்ஜிம நிகாயம் கற்பிக்கிறது. அந்தச் சங்கம் குறையற்றது அன்று. பெண்களை அது இரண்டாம் நிலையில்தான் வைத்தது. ஆயினும், தலைவரும் கேள்விக்கு உட்பட்டவரே என்ற நெறி அதனிடம் இருந்தது. குருவைக் கேள்விக்கு அப்பால் நிறுத்துவோர் அந்த நெறியைக் கைவிட்டவர்கள்.

ஒரு குருவின் நம்பகத்தன்மையை அவருடைய கண்களின் கருணையிலோ நூல்களின் விற்பனையிலோ தேட முடியாது. கீழே இருப்பவர் அஞ்சாமல் புகார் சொல்ல முடிகிறதா, அதை விசாரிப்பவர் குருவின் சீடர் அல்லாதவரா, காணிக்கைக் கணக்கு வெளியே வைக்கப்படுகிறதா, குழந்தைகள் தங்கும் மடங்களை அரசு ஆய்வுசெய்கிறதா என்பவையே உரைகற்கள். தீட்சையின் பேரால் பெறப்படும் எந்த உறுதிமொழியும் நாட்டின் குற்றவியல் சட்டத்துக்கு மேலானது அன்று. புத்தகயாவிலும் தரம்சாலாவிலும் லேயிலும் உள்ள மடங்கள் இவற்றுக்கு உட்பட மறுக்குமானால், அவற்றை நோக்கிக் கேள்வி எழுப்புவது பௌத்தப் பகைமை ஆகாது. புத்தரே தம் பிக்குகளிடம் கேட்டுப் பெற விரும்பிய கேள்வி அது.