ரவுண்ட் ஆஃப் ஆகிப்போனவர்கள்

நண்பர்களோடு பாங்காக் போயிருந்தபோது ஒரு நாளைக் காஞ்சனபுரிக்கு ஒதுக்கினோம். குவாய் ஆற்றுப் பாலம் உள்ள ஊர். 1957-ல் வந்த ஹாலிவுட் படத்தால் உலகப்புகழ் பெற்ற பாலம். நாங்களும் அதில் ஏறி நின்று விதவிதமாகப் போட்டோ எடுத்துக்கொண்டோம்.

அடுத்து போர்க்கல்லறை. அங்கேதான் எங்கள் சிரிப்பு நின்றது. சீராக வெட்டிய புல், வரிசை வரிசையாகக் கற்கள். பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது. நிறைய பேருக்கு என் வயதுதான். மொத்தம் 6,982 போர்க்கைதிகள்.

இனிமேல்தான் விஷயமே. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பான் ராணுவம் 1942-43ல் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை இது. நம்மவர்கள் "சயாம் மரண ரயில்" என்பார்கள். இதில் இறந்த போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல். ஆனால் மலாயா, பர்மா, ஜாவாவில் இருந்து கொண்டுவந்த ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் சுமார் 90,000 என்கிறார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களில் இருந்து போன தமிழர்கள் அதில் ஏராளம். கூலி ஆசை காட்டியும் அழைத்துப் போனார்கள், பிடித்தும் போனார்கள். பட்டினியும் காலராவும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன.

காமர்ஸ் படிக்கிறவன் கண்ணில் ஒன்று உறுத்துகிறது. 6,982 என்பது எண்ணிய கணக்கு. 90,000 என்பது எஸ்டிமேட். ஒரு பக்கம் கடைசி ஆள் வரை கணக்கு, இன்னொரு பக்கம் ரவுண்ட் ஆஃப்! சிப்பாய்க்கு ராணுவத்தில் பதிவேடு இருந்தது. கூலிக்காரனுக்கு யார் பேரேடு வைத்தார்கள்? 'வவுச்சர் இல்லையேல் என்ட்ரி இல்லை' என்று வகுப்பில் சொன்னபோது தலையாட்டியவன்தான் நானும்.

அந்தச் சிப்பாய்களுக்குச் செய்யும் மரியாதை அதிகம் என்று சொல்லவில்லை. அவர்களும் பாவம்தான். மற்றவர்களுக்கும் அதே மரியாதை வேண்டும் என்கிறேன், அவ்வளவே.

அதே ஊரில் தாவோர்ன் வராராம் என்ற புத்தர் கோயிலில் ஆசியத் தொழிலாளர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. 2023-ல் தமிழர்களுக்காக அங்கே ஒரு நடுகல்லும் வைத்தார்கள். எங்கள் டூர் பட்டியலில் அது இல்லை. ஊர் திரும்பிப் படித்தபோதுதான் தெரிந்தது. பாலத்தில் அத்தனை போட்டோ எடுத்தவனுக்கு அங்கே போகத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

காஞ்சனபுரி போகிறவர்கள் தயவுசெய்து அந்தக் கோயிலுக்கும் போங்கள். மலேசிய நண்பர்களே, உங்கள் வீட்டுப் பாட்டி தாத்தா யாராவது "சயாமுக்குப் போனவர் திரும்பலே" என்று சொல்லியிருந்தால், போனவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் இன்றே எழுதி வையுங்கள். விட்டுப்போன அந்தப் பேரேட்டில் ஒரு வரியாவது ஏறட்டும்.