புகை மணம் தரும், சூடுதான் சமைக்கும்!

"அக்கா, புகையிலேயே வாட்டிச் சமைக்கிற கோழியை மலேசியாவில் இருக்கும் நாத்தனார் வீட்டில் சாப்பிட்டேன். அந்த ருசி நாக்கை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அதற்கான அடுப்பை நாமே செய்துகொள்ள முடியுமா? அப்படிப் புகை போட்டு வைத்தால் மாசக்கணக்கில் கெடாதாமே, நிஜமா?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்குப் பதில், "தாராளமாக முடியும்." இரண்டாவதற்குப் பதில், "கிடையவே கிடையாது!" அடுப்பைவிட அந்த இரண்டாவது பதில்தான் முக்கியம். ஆகவே அதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

பாட்டி வைத்தது வேறு, நாம் வைப்பது வேறு

எங்கள் அப்பத்தா சிவகங்கைப் பக்கத்துக்காரர். உப்புக்கண்டம் போடுவதில் கைதேர்ந்தவர். ஆட்டுக்கறியை மெல்லிய துண்டுகளாக நறுக்கி, உப்பும் மஞ்சளும் புரட்டி, நூலில் கோத்து, நாள்கணக்காக வெயிலில் காய விடுவார். "ஒண்ணோட ஒண்ணு தட்டினா கல்லு மாதிரி சத்தம் கேக்கணும்டி. இல்லாட்டி இன்னும் ரெண்டு நாள் கெடக்கட்டும்" என்பார். அந்தச் சத்தத்தில்தான் சூட்சுமமே இருக்கிறது. கறியில் ஈரம் போய்விட்டது, உப்பு ஏறிவிட்டது. கிருமி வளர இடமில்லை. மாசிக் கருவாடும் இப்படித்தான். லட்சத்தீவின் மினிக்காயில் சூரை மீனை வேக வைத்து, புகையில் வாட்டி, பிறகு கட்டையாக இறுகும்வரை வெயிலில் காய வைக்கிறார்கள்.

நாம் வீட்டில் இரண்டு மணி நேரம் புகை போடும் கோழியோ, கடித்தால் சாறு வடியும். சாறு இருந்தால் ஈரம் இருக்கிறது. ஈரம் இருந்தால் கிருமியும் வாழும். புகை மேலோட்டமாக ஒட்டுகிறதே தவிர, உள்ளே போய்க் காவல் காப்பதில்லை. ஆகவே அது புகை மணம் ஏறிய சாதாரண சமைத்த கறிதான். சமைத்த 2 மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போக வேண்டும். கோடையில் 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெயில் கொளுத்தினால் 1 மணி நேரத்துக்குள். 3, 4 நாளில் தீர்த்துவிட வேண்டும். சமையலறையில் கட்டித் தொங்கவிடுகிற வேலையே வேண்டாம்.

எந்த டிரம்?

சரி, இனி அடுப்புக்கு வருவோம். 200 லிட்டர் இரும்பு டிரம் ஒன்று போதும். சுமார் 88 சென்டிமீட்டர் உயரம், 58 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். மூடி முழுவதும் கழலும் டிரம்மாக வாங்குங்கள். மேலே சின்னத் திருகு மூடி மட்டும் உள்ள டிரம்மை வாங்கி வெட்டச் சொல்லாதீர்கள். உள்ளே தங்கிய ஆவி தீப்பொறி பட்டால் வெடிக்கும்.

முன்பு அதில் என்ன இருந்தது என்று கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். சமையல் எண்ணெய் வந்த டிரம் என்றால் சரி. பூச்சிமருந்து, பெயின்ட், ரசாயனம் வந்தது என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். சில டிரம்களின் உட்புறம் பூச்சு இருக்கும். வெட்டவெளியில், உள்ளே விறகைப் போட்டு நன்றாக எரித்து, பூச்சு முழுக்கக் கருகியபின் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். அந்தப் புகை அருகில் பிள்ளைகள் நிற்கக் கூடாது.

வாளி செய்கிற ஜி.ஐ. தகரம் தீக்கு அருகில் வரவே கூடாது. அதன்மேல் பூசியிருப்பது துத்தநாகம். கடும் சூட்டில் அது புகையாகி, சுவாசித்தவருக்குக் காய்ச்சலும் உடல்வலியும் தரும். ஆணி, போல்ட், கம்பி வலை எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

வெல்டிங் பட்டறையில் சொல்ல வேண்டியது

1. டிரம்மின் அடியிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில், சுற்றிலும் சம இடைவெளியில் 2 சென்டிமீட்டர் துளைகள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் நகர்த்தி மூடும் தகடு.

2. கரி போட ஒரு கம்பிக் கூடை. அடியில் 8 சென்டிமீட்டர் உயரக் கால்கள் வேண்டும். சாம்பல் கீழே விழுந்தால்தான் தணல் மூச்சுத் திணறாது.

3. டிரம்மின் வாயிலிருந்து ஒரு சாண் கீழே இறைச்சி வைக்கும் கம்பித் தட்டு. கரிக்கும் இறைச்சிக்கும் ஒன்றரை அடி இடைவெளியாவது இருக்கட்டும். நெருங்கினால் கறி கருகும்.

4. இரண்டுக்கும் நடுவில் ஒரு எவர்சில்வர் தட்டு நிற்க மூன்று போல்ட். இந்தத் தட்டில் தண்ணீர் ஊற்றி வைப்போம். சொட்டும் கொழுப்பு இதில் விழும், தணலில் விழாது.

5. மூடியில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே பெரிய துளைகள் எட்டு. புகை போக வழி இல்லையென்றால் கறி கசந்துவிடும்.

6. இறைச்சித் தட்டின் மட்டத்தில் தெர்மாமீட்டர் செருக ஒரு துளை.

எல்லாம் முடிந்ததும் உள்ளே சமையல் எண்ணெயைத் துணியால் மெல்லியதாகத் தடவி, ஒருமுறை கறி வைக்காமல் வெறுமனே 2, 3 மணி நேரம் தணல் போட்டு வையுங்கள். புது தோசைக்கல்லைப் பழக்குவது மாதிரிதான் இதுவும்.

கடையிலேயே வாங்க நினைப்பவர்களும் இதே கண்ணோடு பாருங்கள். மூடி சரியாகப் பொருந்துகிறதா? மேலும் கீழும் காற்றுத் துளையைத் திறந்து மூட முடிகிறதா? தீக்கும் கறிக்கும் இடைவெளி இருக்கிறதா? தகடு கனமா? இந்த நான்குக்கும் "ஆமாம்" என்றால் வாங்கலாம். மினுமினுப்புக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கரியும் கட்டையும்

சூட்டுக்குக் கரி, மணத்துக்குக் கட்டை. நம் ஊரில் கிடைக்கும் சீமைக் கருவேலக் கரி நன்றாக நின்று எரியும். அமெரிக்காவில் டெக்ஸாஸ்காரர்கள் கறி வாட்டக் கொண்டாடும் மெஸ்கீட் மரம் நம் சீமைக் கருவேலத்தின் உறவுதான் என்றால் நம்புவீர்களா? தேங்காய்ச் சிரட்டைக் கரியும் நல்லது. மணத்துக்குக் காய்ந்த கொய்யா அல்லது மாங்கட்டை, கைப்பிடி அளவில் இரண்டு மூன்று துண்டு போதும்.

பெயின்ட் அடித்த பழைய கதவு, பிளைவுட், பெட்டிப் பலகை, பிசின் வடியும் மரம் இவையெல்லாம் கூடாது. அரளிக் குச்சி தப்பித் தவறியும் அடுப்புப் பக்கம் வரக் கூடாது; அது விஷம்.

கூடையில் பற்ற வைக்காத கரியை நிரப்பி, மேலே பத்துப் பன்னிரண்டு தணல் துண்டுகளை வையுங்கள். மெதுவாக மேலிருந்து கீழே பற்றும். மேல் துளைகள் எப்போதும் திறந்தே இருக்கட்டும். சூட்டைக் கீழ்த் துளைகளால் கூட்டிக் குறையுங்கள். 110 முதல் 130 டிகிரி வரை இருக்க வேண்டும். முதலில் திரள் திரளாக வெள்ளைப் புகை வரும். பொறுங்கள். அது அடங்கி, இலேசான நீலப் புகை வந்தபிறகே கறியை வையுங்கள்.

கண்ணை நம்பாதீர்கள்

முதல்முறை கோழித் தொடையோடு தொடங்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் உப்பு கரைத்து, 4 மணி நேரம் குளிர்பெட்டியில் ஊற வைத்து, ஈரம் போகத் துடைத்து, மிளகும் பூண்டும் தடவி வையுங்கள். ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும்.

வெந்ததா என்று எப்படிப் பார்ப்பது? "வெட்டிப் பாத்தா தெரியாதா? சிவப்பு இருந்தா வேகலை" என்பார்கள். இங்கே அந்தக் கணக்கு உதவாது! புகையில் உள்ள வாயுக்கள் கறியின் நிறத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நன்றாக வெந்த கோழியும் தோலுக்கடியில் ரோஜா நிறமாக இருக்கும். மேலே பொன்னிறமாக மினுக்கும் கோழி எலும்பருகே பச்சையாகவும் இருக்கும். ஆகவே கறிக்குள் செருகும் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது. சதை தடித்த இடத்தில், எலும்பில் படாமல் செருகினால் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். 70 காட்டினாலும் மூடியை மூடிக் காத்திருங்கள். விருந்தாளி வாசலில் நின்றாலும் சரிதான்!

வைக்கும் இடம்

வெட்டவெளி மட்டுமே. கரித் தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. மூடிய அறையில் ஆளையே கொன்றுவிடும். மழை வந்தால்கூட வராந்தாவுக்குள்ளோ கார் ஷெட்டுக்குள்ளோ இழுக்காதீர்கள். மொட்டை மாடி என்றால் அடியில் செங்கல் பரப்புங்கள். பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டிருக்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்; நாளைக்கும் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டுமே! முடிந்ததும் எல்லாத் துளைகளையும் மூடித் தணலை அணையவிட்டு, சாம்பலை மறுநாள் கொட்டுங்கள். வெளிப்புறம் சட்டென்று ஆறாது. தவழும், நடை பழகும் குழந்தை உள்ள வீட்டில் ஒரு பெரியவர் காவலுக்கு இருந்தே ஆக வேண்டும்.

எவ்வளவு சாப்பிடலாம்?

புகையிட்டும் உப்பிட்டும் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் சேர்த்தது. என்றோ ஒருநாள் சாப்பிட்டதற்குப் பயந்து சாக வேண்டியதில்லை. ஆனால் இது வாராவாரம் சமைக்கிற பண்டமும் இல்லை. பண்டிகைக்கு, பிறந்த நாளுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு உப்பில் ஊறிய இந்தக் கறி வேண்டாம். கர்ப்பிணிகள் 74 டிகிரி எட்டிய கறியைச் சூடாகச் சாப்பிடலாம். டப்பாவில் வரும், வேக வைக்காமல் புகை மட்டும் போட்ட குளிர்ந்த மீனைத் தொட வேண்டாம்.

மீந்ததை எலும்பு நீக்கி உதிர்த்து, மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கி, தேங்காய்ப்பாலும் பச்சை மிளகாயும் சேர்த்துக் குழம்பு வையுங்கள். மலேசியாவின் நெகிரி செம்பிலான் பக்கம் புகையிட்ட மாட்டிறைச்சியை இப்படித்தான் தேங்காய்ப்பாலில் காரசாரமாகச் சமைக்கிறார்கள். சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்துப் பாருங்கள். பட்டறைக்காரருக்குக் கொடுத்த கூலி மறந்தே போகும்.