காத்திருக்கும் யந்திரமும் நம் கடமையும்

கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் சாலையில் கௌதள்ளி என்னும் ஊர் உள்ளது. 1956-ஆம் ஆண்டு மாநிலங்கள் திருத்தி அமைக்கப்படும் வரை கொள்ளேகால் வட்டாரம் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்துடன் இணைந்து, 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தின் பகுதியாயிற்று. இவ்வட்டாரத்தின் எல்லையில் வீழும் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியின் ஆற்றலைக் கொண்டுதான் 1902-ஆம் ஆண்டில் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் அனுப்பப்பட்டது. நாட்டின் மின்சார வரலாற்றில் இவ்வளவு முந்திய இடம் பெற்ற பகுதியேயாயினும், சூறைக்காற்றில் ஒரு மரம் கம்பியின்மீது சாய்ந்தால் காட்டோரத்து ஊர் இருளில் மூழ்குவதை எவரும் தடுக்க இயலாது. ஆகவே வீட்டிலும் பள்ளியிலும் மருத்துவ நிலையத்திலும் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கி வைப்பது வழக்கமாகிவிட்டது.

வாங்கி வைப்பதோடு நம் கவனம் முடிந்துவிடுகிறது என்பதே நான் கூற விரும்பும் குறை. யந்திரத்துக்குப் பணம் ஒதுக்கும் நாம், அதைப் பேணுவதற்கு ஓர் ஆளையும் ஒரு குறிப்பேட்டையும் ஒதுக்குவதில்லை. 2018-ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் காவிரிப் பாசனப் பகுதியைத் தாக்கியபோது, பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மேல்நிலைத் தொட்டிகளுக்குக் குடிநீர் ஏற்ற ஜெனரேட்டர்களே உதவின. அத்தகைய நாளில் இயங்க மறுக்கும் யந்திரம் வெறும் இரும்புச் சுமையே ஆகும்.

ஓய்ந்து கிடக்கும் யந்திரத்தில் பெரும்பாலும் முதலில் கெடுவது எஞ்சின் அன்று, அதைக் கிளப்பும் பாட்டரியே. ஈயத் தகடுகளும் நீர்த்த கந்தகாமிலமும் கொண்ட பாட்டரி, பயனின்றி இருந்தாலும் தன் மின்னேற்றத்தைச் சிறிது சிறிதாக இழக்கும். வெப்பம் மிகுந்த இடத்தில் இவ்விழப்பு இன்னும் விரைவாகும். ஏற்றம் குறைந்த நிலையில் நெடுநாள் விடப்பட்டால், தகடுகளின்மீது ஈய சல்பேட்டு கெட்டியான படிகங்களாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் பழைய வலிமை திரும்புவதில்லை. பன்னிரண்டு வோல்ட் பாட்டரி முழு ஏற்றத்தில், ஓய்வு நிலையில், ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும், 12.4-க்குக் கீழே இறங்குமுன் மின்னேற்றுதல் நலம். திறந்து பார்க்கக்கூடிய பாட்டரியில் நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்றவேண்டும். கிணற்று நீரும் குழாய் நீரும் ஆகா.

பாட்டரிக்கு மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு அது கலந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். ஆதலால் காற்றோட்டமான இடம் வேண்டும். பீடி, தீக்குச்சி, விளக்கு எதுவும் அருகில் கூடாது. கைவளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட்டே வேலையைத் தொடங்கவேண்டும். பெரும்பாலான யந்திரங்களில் எதிர்முனை உடற்பகுதியுடன் இணைந்திருப்பதால், கழற்றும்போது எதிர்முனைக் கம்பியை முதலிலும், பூட்டும்போது அதைக் கடைசியிலும் கையாளுவது முறை. நேர்முனையை முதலில் கழற்றினால், திருகுசாவி யந்திர உடலில் பட்டதும் பெரும் பொறி எழும். அமிலம் கண்ணில் தெறித்தால் தூய நீரால் பதினைந்து நிமிஷமேனும் விடாது கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும்.

எஞ்சினுக்கு வேண்டுவது எண்ணெயும் பயிற்சியும். யந்திரம் சமதளத்தில் நின்று ஓய்ந்திருக்கும்போது எண்ணெய் மட்டத்தைப் பார்க்கவேண்டும். மாதம் ஒருமுறையேனும், விளக்குகளையும் மோட்டாரையும் இணைத்துச் சுமையுடன் அரைமணி நேரம் ஓட்டவேண்டும். சுமையின்றி அடிக்கடி ஓட்டப்படும் டீசல் எஞ்சினில், முழுதும் எரியாத எரிபொருள் புகைக்குழாயில் படிந்துவிடும். பெட்ரோல் எஞ்சினை நெடுநாள் நிறுத்தி வைப்பதாயின், கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோலை வடித்துவிடுதல் நன்று. இன்றைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. சூடு ஆறும் முன் எரிபொருள் ஊற்றுவது தீயை அழைப்பதாகும்.

இவ்வளவும் யந்திரத்தின் நலம் பற்றியவை. உயிரைப் பற்றியவை இரண்டு உண்டு. முதலாவது புகை. அதிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் அற்றது. இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையுடன் பற்றிக்கொள்வது. 2020-ஆம் ஆண்டு அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் லாரா புயல் வீசி ஓய்ந்தபின், கார்க் கொட்டகையில் ஓடிய ஜெனரேட்டரின் புகை உள்ளே புகுந்து ஒரே வீட்டில் பலர் மாண்டனர். மழைக்கு அஞ்சித் திண்ணையிலும் மாடிப்படியின் கீழும் யந்திரத்தை ஓட்டும் நம் பழக்கம் இதனினும் வேறன்று. சன்னல்களிலிருந்தும் கதவுகளிலிருந்தும் இருபதடிக்குக் குறையாத தூரத்தில், திறந்த வெளியில், மேலே மட்டும் கூரை வேய்ந்து வைப்பதே தக்கது.

இரண்டாவது, அயலார் உயிர். மாற்று ஸ்விட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டுக் கம்பிகளில் நேராக இணைத்தால், மின்சாரம் பின்னோக்கிச் சென்று, தெருவிலுள்ள டிரான்ஸ்பார்மரில் பதினோராயிரம் வோல்ட் வரை உயரக்கூடும். இறந்த கம்பி என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய தொழிலாளி, நமக்கு வெளிச்சம் தர வந்தவர், நம் யந்திரத்தாலேயே மாளக்கூடும். மாற்று ஸ்விட்சைச் செலவென்று கருதுவோர் இதை எண்ணிப் பார்ப்பார்களாக.

இவை மெக்கானிக்கின் வேலையல்லவா என்று சிலர் கேட்கலாம். பழுது பார்ப்பது அவர் வேலைதான்; ஆனால் மெக்கானிக் நகரத்திலிருந்து வரவேண்டிய ஊரில், பழுது நேராமல் காப்பது உடையவரின் வேலையே. அதற்குப் பெருங்கல்வி வேண்டுவதில்லை. வோல்ட்மானியைப் படிக்கவும், எண்ணெய் மட்டத்தைப் பார்க்கவும், அதைத் தேதியுடன் எழுதவும் தெரிந்தால் போதும்.

இங்கேதான் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் முன்வரவேண்டும். அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் மிதவைமானி, ஆர்க்கிமிடீஸ் தத்துவத்துக்குக் கண்கண்ட சான்று. பள்ளி ஜெனரேட்டரை மாதந்தோறும் ஓட்டும் நாளை ஒரு பாடவேளையாக்கி, மாணவர் தூர நின்று காண, ஆசிரியர் அளவுகளைக் கூற, ஒருவன் குறிப்பேட்டில் எழுதட்டும். கிராமத்துக்குச் செல்லும் களப்பணியாளர், யந்திரம் உண்டா என்று கேட்பதோடு நில்லாமல், அது எங்கே நிற்கிறது, கடைசியாக என்று ஓடியது, மாற்று ஸ்விட்ச் உண்டா என்றும் கேட்கட்டும். இம்மூன்று வினாக்களுக்கும் விடை எழுதப்பட்டுள்ள இடத்தில், இருள் சூழும் இரவில் விளக்கு எரியும். அவ்விளக்கால் எவருக்கும் தீங்கு நேராது.